நகத்தில் களை

தபீத்தாளின் கைபேசிக்கு அன்று காலையும் செய்தி வந்திருந்தது: ‘களை 19 விழுக்காடு. நீக்கப்பட்டது. நலம்.’ கைபேசியைத் தனசீலனின் மேசையில் வைத்துவிட்டு, வாயில் பொத்தியிருந்த கைக்குட்டையை எடுத்துக் காட்டினாள். ரத்தம்.

“நலமா கீறவளுக்கு ஈறுல ரத்தம் வருமாண்ணா? முட்டி பூரா நீலம். இங்க மாடியேற மூணு வாட்டி குந்திட்டு வந்தேன்.”

ஆம்பூர்க் களைநிலையத்தில் தனசீலனுக்குப் பதினாறு வருடமாக இதே நாற்காலி. ‘நலம்’ வந்த பிறகும் அசதி, தலைசுற்றல் என்று வருகிறவர்களைத் தூங்கச் சொல்லி அனுப்பிவிடுவான். அவனுக்கும்தான் அசதி. அதற்காக யாரிடம் போய்ச் சொல்வது?

களைப்பொறி காறை எலும்புக்குக் கீழே, புளியங்கொட்டை அளவில் உட்கார்ந்திருக்கும். மஜ்ஜையில் ரத்தத்தைப் பிறப்பிக்கும் மூல உயிரணுக்களைப் படித்துக்கொண்டே இருக்கும். ஒன்றில் குரோமோசோம் கூடியிருந்தாலோ, உடைந்து இடம் மாறி ஒட்டியிருந்தாலோ, மரபில் ஓர் எழுத்து பிசகியிருந்தாலோ, அந்த அணுவைக் களை என்று கொன்றுவிட்டு, கைபேசிக்குக் கணக்கு அனுப்பும். அப்படிப் பிசகியது பெருகித்தான் ரத்தப்புற்றாகிறது. செருப்புத் தொழிற்சாலைப் பசையின் ஆவியை ஆயுள் முழுக்க இழுத்த ஊர், பொறி வந்தபோது வரிசையில் நின்று வாங்கிக்கொண்டது.

எது பிசகு என்று தெரிய, எது சரி என்று பொறிக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்குத்தான் மூலப்படி. சேரும் நாளில் ஒரே ஒருமுறை எடுப்பது. பிறகு அதோடு ஒப்பிட்டுத்தான் எல்லாம்.

அவன் அவளுடைய மூலப்படியைத் திறந்தான். குரோமோசோம்கள் நாற்பத்தேழு. எட்டாவது மட்டும் இரண்டுக்குப் பதில் மூன்று.

எல்லோருக்கும் நாற்பத்தாறு. பிறவியிலேயே ஒன்று கூடியவர்களும் அபூர்வமாக உண்டு என்பதால், பொறி கேள்வி கேட்காமல் ஏற்றிருக்கிறது. ‘மாதிரி: எச்சில்’ என்றிருந்தது. எடுத்தவர் என்ற இடத்தில் அவன் பெயர்.

விதிப்படி நகம் வெட்டி எடுக்க வேண்டும். ரத்தம் கெட்டாலும் நகம் கெடாது. ஆனால் மூன்று வருடத்துக்கு முன் தொழிற்சாலையில் முகாம் போட்டபோது, பசை ஒட்டும் பெண்கள் யாருடைய நகமும் தேறவில்லை. பசை இறுகி, ஓடுபோல மூடியிருந்தது. ஆய்வகம் ‘மாசு’ என்று திருப்பியடித்தது. மறுபடி எடுக்கக் கிடைத்தது சாப்பாட்டு இடைவேளை அரை மணி நேரம். அதற்குள் இருநூறு பேர். அன்றும், அதற்குப் பின் போட்ட முகாம்களிலும் எச்சில் போதும் என்று முடிவெடுத்தவன் அவன்தான். எச்சிலில் ரத்தத்தின் வெள்ளையணுக்கள் மிதக்கும் என்பது அவன் படித்ததுதான். அன்று ஞாபகத்துக்கு வரவில்லை. வந்திருந்தாலும் எச்சிலைத்தான் எடுத்திருப்பான்.

“தபீத்தா, உனக்கு அப்பவே நோய் ஆரம்பிச்சிருக்கு. மெஷின் அதைத்தான் சரின்னு எடுத்துக்கிச்சு. நல்ல அணுவையெல்லாம் களைன்னு கொன்னுட்டிருக்கு. மூணு வருஷமா.”

அவள் கைக்குட்டையை ரத்தம் உள்ளே போகும்படி மடித்தாள்.

“நாத்தப் புடுங்கிட்டு கோரைக்குத் தண்ணி பாச்சியிருக்குது.”

“ஆமா.”

“நீங்கதானே மொதல்ல துப்பிக் காட்டுனீங்க. வெத்தல போட்டதா நெனச்சுக்கங்க, வெக்கப்படாதீங்கன்னு. இந்தப் பக்கம் ஒருத்தி வுடாம சிரிச்சா.”

“ஞாபகம் இருக்கு.”

“இப்ப என்னைக் காப்பாத்த முடியுமா, முடியாதா? அத மட்டும் சொல்லுங்கண்ணா.”

“மொதல்ல மெஷினை நிறுத்தணும். மிச்சம் எவ்ளோ நல்ல அணு இருக்குன்னு அப்புறம் டாக்டர்தான் சொல்லணும்.”

இரண்டு மாதமாக வேலைக்குப் போகாததால் அவள் நகம் சுத்தமாக வளர்ந்திருந்தது. வெட்டி, மரபைப் படிக்கும் பெட்டியில் போட்டான். இருபது நிமிடம் ஓடிவிட்டுப் பெட்டி எழுதியது: ‘நாற்பத்தாறு. மூலப்படியோடு பொருந்தவில்லை. நகத்தில் களை. நீக்கப் பரிந்துரை.’

தபீத்தாள் எட்டிப் படித்தாள். “நான் பொறந்தப்ப இருந்ததே களையாண்ணா? நல்லா கீது உங்க மெஷினு.” சிரித்தாள். ஈறு மறுபடி கசிந்தது.

பொறியை நிறுத்தி மூலப்படியை மாற்ற ஒரே வழிதான் இருந்தது. மாதிரி எடுத்தவர் தன் பிழையை எழுதி, கைரேகை வைக்க வேண்டும். வைத்த கணத்தில் அவர் எச்சில் வாங்கிச் சேர்த்த அத்தனை பேரின் பொறியும் நிற்கும். நாலாயிரத்துச் சொச்சம் பேர். மறுபடி நகம் எடுத்து முடிக்கும்வரை அவர்களுக்குக் காவல் இல்லை. அதில் எத்தனை பேருக்குப் பொறி சரியாக வேலை செய்கிறது, எத்தனை பேருக்குத் தலைகீழாக என்று யாருக்கும் தெரியாது.

ஒரு டீ குடித்துவிட்டு வந்து வைக்கலாமா என்று நினைத்தான். குடித்துவிட்டு வந்தால் வைக்கமாட்டான் என்று அவனுக்கே தெரிந்தது. விரலை அழுத்தினான்.

தபீத்தாளின் பொறி நின்றது. மாவட்ட மருத்துவமனையில் படுக்கை கேட்டான். மாலைக்குள் வரச் சொன்னார்கள். பிறகு நின்ற பொறிகளின் பட்டியல் திரையில் ஓட ஆரம்பித்தது. முதல் வரியில் அவன் பெயர் இருந்தது. அவனும் அந்த மாதம்தான் பொறி வைத்துக்கொண்டான்; துப்பிக் காட்டிய குழாயையே அன்று யாரோ மற்றவற்றோடு சேர்த்து அவன் மூலப்படியாக அனுப்பியிருக்கிறார்கள்.

அவன் தன் பழைய செய்திகளைத் தள்ளிப் பார்த்தான். களை 4, நலம். களை 7, நலம். களை 12, நலம். மாடியேறும்போது மூச்சு வாங்குவதை இத்தனை நாளும் நாற்காலியின் தலையில் கட்டியிருந்தான்.

நகவெட்டி மேசையிலேயே கிடந்தது. சுண்டுவிரல் நகத்தை வெட்டினான். அவன் நகத்தில் என்றைக்கும் பசை இருந்ததில்லை.

தபீத்தாள் ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டும் போகாமல் உட்கார்ந்திருந்தாள். இருபது நிமிடம் கழித்துப் பெட்டி ‘கிளிக்’ என்றது.

“உங்களுக்கு இன்னா சொல்லுதுண்ணா?”

தனசீலன் திரையை அவள் பக்கம் திருப்பினான். “உனக்குச் சொன்னதையேதான்” என்றான்.

அவள் ஒருமுறை படித்துவிட்டுத் தன் பையை எடுத்து மடியில் வைத்து, பக்கத்து இருக்கையைக் காலி பண்ணினாள்.

“ஆட்டோல ரெண்டு பேரு தாராளமா போலாம்.”