பதினேழாம் டப்பா

மூடி வைத்திருந்த டப்பாவிலிருந்து ஒரு குமிழி வந்தது.

மத்தியானம் இரண்டு மணி. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். லேபில் அவள் மட்டும். வெந்நீர்த் தொட்டி முனகிக்கொண்டிருந்தது. அதற்குள் களிப்பாறைத் துண்டுகளை அடைத்த எஃகு டப்பாக்கள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு ரப்பர் குழாய், தண்ணீர் நிரப்பித் தலைகீழாக நிறுத்திய கண்ணாடிக் குழாய்க்குள் போகும். பாறை விடும் வாயு குமிழியாக ஏறும், தண்ணீர் இறங்கும், அவள் அளவைக் குறித்துக்கொள்வாள். பதினோரு வருட வேலை.

ஆனால் பதினேழாம் டப்பா தொட்டியிலேயே இல்லை. விசாரணை முடியும்வரை தொடக்கூடாதென்று, ரப்பர் குழாய், கண்ணாடிக் குழாயோடு அப்படியே மூலை மேசையில் நான்கு மாதமாகக் கிடந்தது.

ப்ளக்.

'கல் உள்ளேதானே இருக்கிறது, அதுதான்' என்று தன்னையே தேற்றிக்கொண்டாள். குவார்ட்ஸ் மிகுந்த கல்லென்றால் வாயு துளைகளில் சும்மா நிற்கும். சட்டென்று வெளியே போய்விடும். களிமண்ணும் கரிமமும் மிகுந்த கல் அப்படியில்லை. வாயுவைத் தன் மேனியெங்கும் ஒட்டவைத்துக்கொண்டு, விட மனசில்லாமல், வாரக்கணக்கில் விடும். பதினேழு அந்த ஜாதி. கனிமச் சோதனைத் தாள் அன்றைக்கு அவள் கண்ணெதிரேதான் கிடந்தது. சோதனை தொடங்கிய மூன்றாம் நாள் மாலை அரைமணி நேரம் குமிழி வரவில்லை. அவளுக்குப் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். 'வாயு தீர்ந்தது, மூடிய அறையில் வைக்கலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அதே பாறை அடுக்கில் வெட்டிய கற்களெல்லாம் பெட்டி பெட்டியாக ஜன்னலில்லாத கிடங்கறைக்குப் போயின. நான்கு நாள் விடுமுறை கழித்து அதைத் திறந்து உள்ளே போனவர் கிடங்குக்காரர், எல்லோருக்கும் கல்லண்ணன். உடம்பில் ஒரு கீறல் இல்லை. மூச்சுதான் இல்லை.

போன் அடித்தது. கல்லண்ணனின் மனைவி.

"அண்ணி பேசறேம்மா. ஃபேன் போடாம உள்ள போனது அவர் தப்புன்னு விசாரணையில எழுதப் போறாங்களாம். அவ்வளவு அசட்டையான மனுஷனா அவரு? உனக்குத் தெரியுமே."

"எனக்கு... ஒண்ணும் தெரியாது அண்ணி."

"சரிம்மா, உன்னைச் சொல்லி என்ன. லேப்ல தங்கச்சி இருக்கிறவரைக்கும் எனக்கென்ன பயம்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு." வைத்துவிட்டாள்.

ப்ளக். ப்ளக்.

இப்போது குமிழிகள் ஒரு சீராக வந்தன. நாலைந்து சேர்ந்தாற்போல், பிறகு ஓர் இடைவெளி, மறுபடி நாலைந்து. அசந்து தூங்குகிறவனின் மார்பு ஏறி இறங்குவதுபோல். மெஷின் எண்ணெயும் ஈரக்களிமண்ணும் கலந்த வாடை, கல்லண்ணனின் சட்டை வாடை, மெல்ல மேசையைச் சுற்றி நின்றது. தொட்டியின் முனகல் எப்போது அடங்கியது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மூடியின் திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

டப்பா காலி.

அடியில் ஒரு சீட்டு. விசாரணைக்காரர் கையெழுத்து: 'கல் எடுக்கப்பட்டது'. தேதி போன மாதத்தது.

ரப்பர் குழாயை டப்பாவிலிருந்து பிடுங்கினாள். அதன் நுனி மேசை விளிம்பில் வெறுமனே தொங்கியது.

ப்ளக். ப்ளக். ப்ளக்.

போதும். சொல்லிவிடலாம். எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். அண்ணியின் எண்ணை அழுத்தினாள்.

"சொல்லும்மா."

வாயைத் திறந்தாள். 'நான்தான் அண்ணி' என்றாள்.

சத்தம் வரவில்லை. கண்ணாடிக்குள் ஒரு குமிழி ஏறியது.

மறுபடி சொன்னாள். நெஞ்சு வலிக்கச் சொன்னாள். குமிழி. குமிழி.

"ஹலோ? பேசும்மா." மறுமுனை கொஞ்சநேரம் காது கொடுத்துக் கேட்டது. பிறகு அண்ணியின் குரல் மாறியது. "உன் பக்கத்துல யாரு? யாரோ மூச்சு விடறாங்களே."

அவள் தலையை ஆட்டினாள். யாரும் இல்லை, யாரும் இல்லை.

"இது அவர் மூச்சு. இருபது வருஷம் பக்கத்துல படுத்தவ, எனக்குத் தெரியாதா? போனை அவர்கிட்ட குடும்மா."

தொங்கிய குழாயின் நுனி மெல்ல நிமிர்ந்து, போன் பக்கம் திரும்பியது.