பதினோரு மணி விசிட்டர்

"ஐயோ...!"

தேவிப்பிரியாவின் அலறலில், கீழே பனியன் யூனிட்டில் ஓடிக்கொண்டிருந்த தையல் மிஷின்கள் அத்தனையும் நின்றன.

வேலம்பாளையம். மாடி ஆபீஸ். நாற்காலியில் மோகன்ராஜ். கழுத்தைச் சுற்றி லேப்டாப் சார்ஜர் வயர்...

ஆஸ்பத்திரிகளுக்கு வெப்சைட் நடத்தி, ஆன்லைனில் விளம்பரம் போட்டு, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று ரிப்போர்ட் கொடுப்பது அவன் தொழில். ஆபீஸில் அவனும் தேவிப்பிரியாவும் இரண்டே பேர்தான். இப்போது ஒருத்தி!

உடலை போஸ்ட்மார்ட்டத்துக்கு அனுப்பிவிட்டு, இன்ஸ்பெக்டர் சாரதாமணி விசாரணைக்கு உட்கார்ந்தபோது மணி பன்னிரண்டே முக்கால்.

"பத்தே முக்காலுக்கு மாடியில தடால்னு சத்தம் கேட்டுச்சாம். அப்ப நீ எங்கம்மா இருந்தே?"

"பஸ்லீங்க மேடம். நான் வந்ததே பதினொன்றரைக்குங்க..."

"சாட்சி?"

அவள் பையில் பஸ் டிக்கெட்டைத் தேடினாள். இல்லை.

"நேத்துக்கூட ரெண்டு பேருக்கும் சண்டைங்க, இன்ஸ்பெக்டரம்மா!"

வாசலில் சிவராஜ். இருபது வருஷம் பனியன் கம்பெனி நடத்திவிட்டு ஆஸ்பத்திரி கட்டியவர். அந்த ஆஸ்பத்திரியின் வெப்சைட் மோகன்ராஜின் பொறுப்பு. கண்ணில் கர்ச்சீப்பை ஒற்றிக்கொண்டே வந்தார். கர்ச்சீப் மட்டும் நனையவே இல்லை!

"காலையில இருந்து தாராபுரத்துல இருந்தனுங்க. சேதி கேட்டு இப்பத்தான் ஓடியாறேன். இந்தப் புள்ளைதானுங்க கொன்னிருக்கோணும். புடிச்சு உள்ள போடுங்க!"

சாரதாமணி விலங்கை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

தேவிப்பிரியாவுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது.

"சண்டை போட்டது நீங்கதானுங்க! மேடம், இவரு ஆஸ்பத்திரியை ஒரு பெரிய கம்பெனிக்கு விக்கப் போறாருங்க. மாசம் எட்டாயிரம் பேரு எங்க ஆஸ்பத்திரி வெப்சைட்டைப் பாக்கறாங்கன்னு அவங்ககிட்ட அளந்து விட்டிருக்காரு. அதுல ஆறாயிரம் இவரும் நர்சுகளும் பாத்ததுங்க!"

"நர்சுக எதுக்குப் பாக்கணும்?"

"பனியன் கம்பெனியில மணிக்கு எத்தனை பீஸ்னு போர்டுல எழுதுவாங்கல்லங்க? அந்தப் பழக்கம்! மணி அடிச்சா நர்சுக அத்தனை பேரும் சைட்டைத் திறக்கோணும். எத்தனை பேரு திறந்தாங்கன்னு இவரு தலையை எண்ணுவாரு. அதிகமாத் திறந்தா நோயாளிக அதிகமா வருவாங்கன்னு நெனப்பு. மணிக்கொருக்கா இவரும் திறப்பாரு. மோகன் சார் அதையெல்லாம் கழிச்சிட்டு நெஜ ரிப்போர்ட் போட்டாரு. திருத்தச் சொல்லி நேத்து இவரு மெரட்டுனாருங்க. சார் மாட்டேன்னுட்டாரு. இன்னிக்கு அந்த ரிப்போர்ட்டை, ஆஸ்பத்திரியை வாங்கறவங்களுக்கு அனுப்பறதா இருந்துச்சு!"

"பச்சைப் பொய்யி!" சிவராஜ் கத்தினார்.

"கழிக்கறதுக்காகவே இவரு போனுக்கு 'ஓனர்'னு அடையாளம் வெச்சிருக்கோமுங்க. எங்க ஆபீஸ் வைஃபைக்கும் தனி அடையாளம் இருக்குது. இதைப் பாருங்க..."

லேப்டாப்பைத் திருப்பினாள். ஆஸ்பத்திரி சைட்டை யார், எப்போது, எங்கிருந்து திறந்தார்கள் என்ற பட்டியல்.

காலை 11.00. ஓனர். ஆபீஸ் வைஃபை.

"கொலையைப் பண்ணிட்டு, இங்கயே நின்னு சைட்டைப் பாத்திருக்காருங்க!"

சிவராஜ் சிரித்தார். அசிங்கமான சிரிப்பு.

"கம்ப்யூட்டர்ல எதை வேணா எழுதலாமுங்க. இவளே எழுதியிருப்பா. என் போன்ல இந்த ஆபீஸ் வைஃபையே கெடையாது!"

சாரதாமணி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு மணிக்கு இரண்டு நிமிஷம் பாக்கி.

"ஏனுங்க பதட்டப்படறீங்க? உக்காருங்க. தண்ணி குடிங்க."

சிவராஜ் உட்கார்ந்தார். குடித்தார். நெற்றியைத் துடைத்தார்.

மணி ஒன்று.

அவர் கை தானாகச் சட்டைப் பைக்குள் போனது. போன் வெளியே வந்தது. கட்டைவிரல் ஒரே ஒரு தட்டு தட்டியது. அவர் யோசிக்கவே இல்லை... இருபது வருஷப் பழக்கம்!

லேப்டாப் திரையில் புதிதாக ஒரு வரி.

பகல் 1.00. ஓனர். ஆபீஸ் வைஃபை.

மூன்று பேரும் அதையே பார்த்தார்கள். சிவராஜ் போனை மறைக்கப் பார்த்தார். சாரதாமணி பிடுங்கிக்கொண்டார்.

"பழக்க தோசமுங்க... தெரியாம..."

"பதினோரு மணிக்கும் தெரியாமத்தான் பாத்தீங்களாக்கும்?"

மேஜைமேல் இருந்த விலங்கு சிவராஜின் கைக்குப் போனது. தேவிப்பிரியா அப்போதுதான் மூச்சு விட்டாள். பிறகு மோகன்ராஜின் காலி நாற்காலியைப் பார்த்து ஓவென்று அழுதாள்.

"அம்மா... ரெண்டு மணிக்கு நர்சுகளை எண்ணோணுமுங்க..." சிவராஜ் உளறினார்.

சாரதாமணி அவரைப் படியில் இறக்கினார்.

"இனி அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாங்க. ஜெயில்ல காலையும் சாயங்காலமும் உங்களையே எண்ணுவாங்க!"