மதர்போர்டும் மாப்பிள்ளையும்

கண்ணாடிக் கடைக்காரர் உள்ளே வந்ததும் கதவைச் சாத்தினார். பட்டப்பகலில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடைக்குள் வந்து கதவைச் சாத்துகிறவர் சும்மா வந்திருக்க மாட்டார் என்று அவசரத்துக்குப் பட்டது. அவசரம் என்பது அவன் பட்டப்பெயர்தான். அண்ணி நடத்தும் அந்தக் கடையில் திருகாணி முடுக்குவது அவன் வேலை. துப்புத் துலக்குவது அவன் ஆசை. அண்ணி நேரெதிர். ஒரு திருகாணியைக் கழற்றுவதற்குள் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து அடுத்தவர் உயிரை வாங்கிவிடுவாள்.

கடைக்காரர் சுமந்து வந்த கம்ப்யூட்டர் பெட்டியை மேசைமேல் வைத்தார். "என் மாப்பிள்ளை திருடரான்னு எனக்குத் தெரியணும்மா."

திருட்டுப் பட்டம் கட்டும்போதுகூட மனிதர் மாப்பிள்ளைக்குக் கொடுக்கிற மரியாதையைக் குறைக்கவில்லை.

"உக்காருங்க. முதல்லேருந்து சொல்லுங்க" என்றாள் அண்ணி.

"போன மாசம் இதோட மதர்போர்டு போயிடுச்சு. 'வெளியாள் எதுக்கு மாமா, நானே மாத்தித் தரேன்'னார் மாப்பிள்ளை. மாத்தினார். அதுலேருந்து விண்டோஸுக்கு லைசென்ஸ் இல்லைன்னு திரை மூலையில எழுத்து வந்து நிக்குது. கேட்டா, 'பார்த்துக்கலாம் மாமா'ங்கறார். திங்கட்கிழமை எங்க புதுக் கடையை அவர் பொறுப்புல விடறதா வாக்குக் கொடுத்திருக்கேன். கை சுத்தமில்லாதவர்கிட்ட எப்படி விடறது? விடலைன்னா என் பொண்ணு முகத்துல எப்படி முழிக்கிறது?"

"எதை வெச்சுச் சந்தேகப்படறீங்க?"

"நான் தினமும் போடற நாலு நம்பரை இது இப்ப ஏத்துக்கறதில்லை. 'இனிமே திரையில பக்கத்துல இருக்கிற நம்ம கடைப் பேரைத் தொட்டு உள்ள போங்க மாமா'ன்னுட்டார். அப்புறம், லைசென்ஸ் கேக்கற இடத்துல அவரோட ஈமெயிலை என் கண்ணாலயே பார்த்தேன். அதுகூடப் போகட்டும், இதைப் பாருங்க." அவர் கைபேசியை நீட்டினார். "அவர் லேப்டாப்ல வருஷக்கணக்கா இதே எழுத்து நின்னுச்சு. இப்பக் காணோம். அவர் கை கழுவப் போன நேரத்துல, லைசென்ஸ் பக்கத்தைத் திறந்து படம் பிடிச்சேன்."

படத்தில் 'விண்டோஸ் ஹோம்' என்றும், உரிமம் செல்லுபடியாகும் என்றும் தெளிவாக இருந்தது. அவசரத்துக்கு அதற்குமேல் இருப்புக் கொள்ளவில்லை.

"கேஸ் முடிஞ்சுது அண்ணி. இங்கிருந்த லைசென்ஸை உருவி, தன் லேப்டாப்புல போட்டுக்கிட்டார்."

"பொறு" என்று அண்ணி பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தாள்.

திரையில் இரண்டு பெயர்கள் வந்தன. ஒன்று கடைக்காரருடைய மகளின் பெயர், மற்றது கடையின் பெயர். மகளின் பெயரைத் தொட்டதும், நாலு எண் இனிச் செல்லாது, கணக்கின் பாஸ்வேர்டைப் போடு என்றது கம்ப்யூட்டர். அண்ணி கடைப் பெயரில் உள்ளே போய் லைசென்ஸ் பக்கத்தைத் திறந்தாள். 'விண்டோஸ் ப்ரோ' என்றிருந்தது. அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போயிற்று.

"இதை முதல்ல யார் தயார் பண்ணிக் கொடுத்தாங்க?"

"என் பொண்ணு. கல்யாணத்துக்கு முன்னாடி."

"உங்க மாப்பிள்ளை திருடலைங்க. இது ப்ரோ. நீங்க பிடிச்ச படத்துல இருக்கிறது ஹோம், அது வேற ரக விண்டோஸ். இங்கேருந்து எடுத்துட்டுப் போயிருந்தா அங்கயும் ப்ரோன்னுதான் இருக்கணும்."

அவசரம் படத்தை மறுபடி பார்த்தான். அவன் கண்முன்னால்தான் அது இவ்வளவு நேரமும் இருந்தது. தன் தலையில் தானே குட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது அவனுக்கு.

"அப்ப என் நாலு நம்பரை எதுக்கு மாத்தினார்?" என்றார் கடைக்காரர்.

"யாரும் மாத்தலை. அது பழைய போர்டை நம்பி இருந்த நம்பர். போர்டு போனதும் அதுவும் போச்சு. இப்ப அது கேக்கறது உங்க பொண்ணோட இணைய அக்கவுண்ட் பாஸ்வேர்ட். லைசென்ஸும் அந்த அக்கவுண்ட்லதான் சேர்ந்திருக்கும்னு நெனைக்கிறேன். போர்டை மாத்தினோம்னு சொல்லி அதுல நுழைஞ்சா திரும்பக் கிடைக்கும்."

"அப்ப மாப்பிள்ளையோட ஈமெயில்?"

"அக்கவுண்ட் கேட்டிருக்கு. தெரிஞ்ச ஒண்ணைப் போட்டுப் பார்த்திருக்கார். திருட வந்தவர் தன் பேரை எழுதி வெச்சுட்டா போவார்?"

கடைக்காரர் கைபேசியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். "வழி தெரியலைன்னு என்கிட்டச் சொல்லியிருக்கலாமேம்மா" என்றார்.

"நீங்க அவர்கிட்டக் கேட்டிருக்கலாமே."

"மாப்பிள்ளைகிட்ட இதையெல்லாம் எப்படி நேருக்கு நேர் கேக்கறது?"

"அவருக்கும் அதே கஷ்டம்தான். அவரையும் உங்க பொண்ணையும் வரச்சொல்லுங்க."

மகளும் மாப்பிள்ளையும் வந்து சேர்ந்தார்கள். அண்ணி திருட்டுச் சந்தேகத்தைச் சொல்லாமல், விஷயத்தைக் கம்ப்யூட்டரோடு நிறுத்திக்கொண்டாள். பெட்டியைக் கண்டதுமே மாப்பிள்ளையின் முகம் வாடிவிட்டது.

"இவ பேர் திரையில இருந்துச்சு. வெறும் பேர்தானேன்னு விட்டுட்டேன்" என்றார் அவர். "இவகிட்டக் கேட்டா, 'பெருசா பேசினீங்களே'ன்னு சிரிப்பான்னு கேக்கவும் இல்லை. மாமாவுக்குத் தெரியாம சரிபண்ணிடலாம்னு புது லைசென்ஸ் ஒண்ணு வாங்கினேன். அவசரத்துல ஹோம் வாங்கிட்டேன். இது ப்ரோங்கறதால சேரலை. வீணாக வேணாம்னு என் லேப்டாப்புல போட்டுக்கிட்டேன்."

மகள் மேசைமுன் உட்கார்ந்து, இரண்டு முறை தப்பாகப் போட்டு மூன்றாவது முறை சரியான பாஸ்வேர்டை அடித்தாள். கணக்கில் இருந்த கருவிகளில் அப்பாவின் கடைக் கம்ப்யூட்டரும் இருந்தது. 'இப்போது பயன்படுத்துவது இதைத்தான்' என்று குறித்தாள். மூலையில் நின்ற எழுத்து மறைந்துபோனது.

அதோடு எல்லோரும் எழுந்து போயிருக்கலாம். அண்ணியும் வாயைத் திறந்திருக்க மாட்டாள். ஆனால் கண்ணாடிக் கடைக்காரர் எழுந்திருக்கவில்லை.

"உங்களைத் திருடர்னு நெனைச்சுட்டேன் மாப்பிள்ளை. தப்பு என்மேலதான்."

"அப்பா" என்று மகள் எழுந்துவிட்டாள். மாப்பிள்ளை அவளைக் கையமர்த்தினார்.

"தெரியும் மாமா. நீங்க என் லேப்டாப்பைப் படம் பிடிச்சதைக் கை கழுவற இடத்துக் கண்ணாடியில பார்த்தேன்."

"பார்த்துட்டுமா தினமும் கடைக்கு வந்தீங்க?"

"வராம நின்னுட்டா நீங்க நெனைச்சது நெஜம்னு ஆயிடும் இல்லையா மாமா? அழுகையாத்தான் வந்துச்சு. ஆனாலும் வந்தேன்."

கொஞ்ச நேரத்துக்கு முன்னால் இந்த மனிதரைத்தான் உள்ளே தள்ளத் துடித்தோம் என்று அவசரத்துக்கு வெட்கமாகவும் இருந்தது, அது நடக்காமல் போனதில் சந்தோஷமாகவும் இருந்தது.

கடைக்காரர் நாற்காலியை மாப்பிள்ளையின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இனிமே எதுவானாலும் நேராவே கேட்டுடறேன். இப்பவே ஒண்ணு கேக்கறேன். புதுக் கடையைத் தனியாப் பார்த்துக்கப் பயமா இருக்கா உங்களுக்கு?"

மாப்பிள்ளை வழக்கம்போல 'பார்த்துக்கலாம் மாமா' என்று சொல்ல வாயெடுத்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"பயமாத்தான் இருக்கு மாமா."

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, என் கடையைத் திறந்த அன்னைக்கு. யார்கிட்டயும் சொல்லலை" என்றார் கடைக்காரர். "திங்கட்கிழமை நானும் வந்து பக்கத்துல உக்காந்துக்கறேன்."