மைனஸ் இரண்டரை

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். சந்தேகப்படுகிறவர்கள் மழையைக் கேட்டுக்கொள்ளலாம். ஆரம்பத்திலிருந்து கடைசிவரை கூடவே இருந்தது அதுதான்.

அந்த ஆட்டத்தில் இரண்டு கோட்டைகள், இரண்டு படைகள். படையை மனிதர்கள் நகர்த்தக் கூடாது. அவரவர் எழுதிய கம்ப்யூட்டர் நிரல்தான் தானாக யோசித்து ஆட வேண்டும். போட்டி மண்டபத்தில் ஆட்களுக்குப் பெயர் கிடையாது, நிரல்களுக்குத்தான் உண்டு. காலை ஆட்டங்கள் முடிந்தபோது சிடுமூஞ்சியும் முரடனும் மிஞ்சின.

சிடுமூஞ்சியை எழுதியவள் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் மகள். இடைவேளையில் வேகமாக வெளியே வந்தவள், வாசலில் நின்றவன் மேல் மோதினாள். அவன் கண்ணாடி தண்ணீரில் விழுந்தது. எடுத்துக் கொடுக்கத்தான் ஓரடி முன்னால் வைத்தாள்... வைத்த இடத்தில் கண்ணாடி இருந்தது.

“போச்சா?” என்று அவன் தூணைப் பார்த்துக் கேட்டான்.

“நான் இந்தப் பக்கம் இருக்கேன் சார்...”

“மன்னிச்சுக்குங்க. உயரமா தெரிஞ்சுது, நீங்கதான்னு நினைச்சேன்.”

கடை அடுத்த தெருவில். ஒரே குடையில் போனார்கள். அவன் பாலம் கட்டும் எஞ்சினியர் என்பதும், முரடன் அவனுடையது என்பதும் பாதி வழியில் தெரிந்தது. மீதி வழியில் மழை பேசியது.

கடையில் சோதனைக் கண்ணாடியை மாட்டிவிட்டு ஒவ்வொரு வில்லையாக மாற்றினாள்.

“இதுல தெளிவா இருக்கா, இதுலயா?”

“ரெண்டுலயும் நீங்கதான் தெரியறீங்க.”

“எழுத்தைப் பாருங்க சார்.”

மைனஸ் இரண்டரை. அந்தக் கண்களை அவள் தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே சோதித்தாள். நனைந்த இமைகள்... சரியாகத் தெரியாதபோதும் நம்பிப் பார்க்கிற பார்வை. எப்படியோ வாயைத் திறந்துவிட்டாள். “இன்னிக்கு ஜெயிச்சா நிரல் எழுதற வேலைக்கே போகலாம்னு அப்பா சொல்லியிருக்கார். தோத்தா காலம் பூரா இந்தக் கடைதான்.”

கல்லாவில் இருந்த அப்பா நிமிரவே இல்லை. “ஆமா, தோத்தா கடை,” என்றார்.

இறுதி ஆட்டத்துக்கு முன் நிரலில் ஒரே ஒரு வரியை மாற்ற அனுமதி உண்டு. இருவரும் மாற்றினார்கள்.

ஆட்டம் தொடங்கியது. சிடுமூஞ்சியின் படை ஆவேசமாகப் பாய்ந்து முரடனின் கோட்டை வாசலை அடைந்தது... அடித்து நொறுக்காமல் அங்கேயே காவலுக்கு நின்றது. முரடனின் படை வெளியே வந்தது. பார்த்தது. அதுவும் நின்றது. நேரம் முடியும்வரை இரண்டு படைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே நின்றன. நடுவர் தன் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, சமன் என்றார்.

எஞ்சினியரின் முகம் இறுகியது. புதுக் கண்ணாடியைக் கழற்றி அவள் மேஜையில் வைத்தான்.

“விட்டுக் குடுத்தீங்களா? நான் கேட்டேனா? இந்த இரக்கம் எனக்கு வேண்டாங்க.”

ஆமாம் என்று சொல்லிவிட்டால் அவள் மானம் தப்பும். இரக்கப்பட்டவள் என்பது கௌரவம். கூட்டல் கழித்தல் குறியில் தடுக்கி விழுந்தவள் என்றால் அந்த மண்டபமே சிரிக்கும். ஆனால் அவன் போய்விடுவானே...

தன் வரியை மண்டபத்துச் சுவரில் இருந்த பெரிய திரையில், எல்லோரும் பார்க்கும்படி போட்டாள். படிக்க வேண்டுமென்றால் கழற்றியதை மாட்டித்தான் ஆக வேண்டும். மாட்டினான்.

எதிரிக் கோட்டை இடிந்தால் எத்தனை மதிப்பு என்று படைக்குச் சொல்கிற வரி அது. இருபது இருக்க வேண்டிய இடத்தில் மைனஸ் இரண்டரை இருந்தது. அவன் கோட்டை இடிந்தால் தனக்கு நஷ்டம் என்று கணக்குப் போட்டிருந்தது சிடுமூஞ்சி.

“இது... என் பவர்.”

“உங்க கண்ணையே நினைச்சுக்கிட்டு வந்து உட்கார்ந்தேன். கை அதையே எழுதிடுச்சு. இரக்கமும் இல்ல, மண்ணும் இல்ல... புத்தி கெட்டுப்போச்சு, அவ்வளவுதான்.”

யாரும் சிரிக்கவில்லை. அவன் தலை குனிந்தான்.

“முரடன் ஏன் அடிக்கலைன்னு நீங்க கேக்கவே இல்லையே...”

“ஏன்?”

“அவங்க என்ன செஞ்சாலும் நீ தொடாதேன்னு எழுதி வச்சேன். நீங்க ஜெயிக்கட்டும்னு.”

“அப்போ உங்களது இரக்கமா?”

“இல்லீங்க...” கண்ணாடிக்குள் அந்தக் கண்கள் கலங்கின. “எனக்கும் அதே வியாதிதான். என்ன, நான் தெரிஞ்சே எழுதினேன்.”

வாசலில் சொட்டச் சொட்டக் குடையோடு அப்பா.

“தோக்கலையேப்பா...” என்றாள்.

“ஜெயிக்கவும் இல்ல.”

அவர் நேராக எஞ்சினியரிடம் வந்தார். அவன் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். மூக்கின் மேலிருந்த ஃபிரேமை ஒரு விரலால் நேராக்கினார்.

“இடது பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது. இந்த லட்சணத்துல மாட்டி அனுப்பியிருக்கா. கடைக்கு நீ லாயக்கில்லம்மா. அந்த வேலைக்கே போ.”

அன்றைய மழையில் காலையிலேயே கம்பம் சாய்ந்து, மறுநாள்வரை அந்த ஊரில் எங்குமே மின்சாரம் இல்லை. அதுவும் சத்தியம்.