மாற்றாமல் வாங்கிய கனவு

படுக்கையறைக் கதவின் கைப்பிடி இடப்பக்கம் இருந்தது. குடி வந்த நாளிலிருந்து வலப்பக்கம் இருந்த கைப்பிடி. மழை இருட்டில் கண் ஏமாற்றுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அக்கா மேஜைக்குத் திரும்பினாள்.

ஞாயிறு மதியம். மேஜைமேல் கையால் வரைந்த வரைபடம், ஆறிப்போன டீ, பகடைகள். ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, பகடை உருட்டி, மாயநாடுகளில் அலையும் ஆட்டம். கதையை நடத்துகிறவள் அக்கா. மற்ற நாளெல்லாம் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். மந்திரவாதி வேடம் பக்கத்து வீட்டுத் தையல்காரருக்கு. எல்லாருக்கும் அவர் குண்டூசி. வில்லாளி வேடம் தங்கைக்கு. பேக்கரியில் வேலை, மணிக்கட்டில் அடுப்பு சுட்ட தழும்பு.

இன்றைக்குக் கனவு ஆட்டம். கனவுக்குப் பகடை கிடையாது. கதை நடத்துகிறவள் சொன்னால் நடந்ததுதான். யாராவது ஒருவர் தான் கண்ட கனவைத் தர வேண்டும். தந்தவர் ஆட்டம் முடியும்வரை வாய் திறக்கக் கூடாது. வாங்குகிறவள் அதில் ஒன்றையாவது மாற்றிவிட வேண்டும்.

"எதுக்குக்கா மாத்தணும்?" என்று தங்கை முன்பு ஒருநாள் கேட்டாள்.

"வழி தெரிஞ்சா கனவு வீடு தேடி வந்துடும்டி," என்று சிரித்தது அக்காதான்.

தங்கை தந்த கனவு இது: நீண்ட நடைக்கூடம், கடைசியில் இடப்பக்கம் கைப்பிடி வைத்த கதவு, உள்ளிருந்து தெரிந்த குரலில் ஒரு கூப்பாடு. "தினமும் கிட்டப் போயிடறேன்க்கா. அடுத்த தடவை திறந்துடுவேன்."

ஆட்டத்தில் அந்தக் கதவை அடைத்தால் தூக்கத்திலும் அடைபடும் என்று அக்கா நம்பினாள். அதனால் எதையும் மாற்றவில்லை. வேறொரு கதவை அடைத்து யாருக்கு என்ன லாபம்?

"குளிருது. சால்வை எடுத்துட்டு வந்து வாயைப் பூட்டிக்கிறேன்," என்று தங்கை படுக்கையறைக்குப் போனாள். அக்கா குனிந்து வரைபடத்தில் அந்த நடைக்கூடத்தை வரைந்தாள். நிமிர்ந்தபோது தங்கை நாற்காலியில் இருந்தாள். உதட்டின்மேல் விரல்.

"கதவுகிட்ட வந்தாச்சு," என்றார் குண்டூசி. "உள்ள யாரும் கூப்பிடறாங்களா?"

"கூப்பிடறாங்க."

ஜன்னல் தகரத்தில் மழை விழும் சத்தத்துக்கு அடியில், குழாய் சொட்டும் சத்தத்துக்கும் அடியில், அவசரமே இல்லாமல், விரல் மடக்கி மரத்தில் தட்டும் ஓசை கேட்டது. கூடவே புதிதாகக் குழைத்த சிமெண்டின் ஈர வாடை.

"தட்டறது நீங்களா?"

"என் ரெண்டு கையும் மேஜைலதாம்மா இருக்கு. நான் தைக்கிறவன், வித்தை காட்டறவன் இல்லை."

படுக்கையறைக் கதவு. மறுபடி தட்டல்.

 அக்கா எழுந்தாள்.

"என் வீடு. என் மேஜை. நான் சொல்றதுதான் கதை. அந்தக் கதவுக்குப் பின்னால அறையே இல்லை. செங்கல் சுவர்."

தட்டல் நின்றது.

குண்டூசி போய்க் கதவைத் திறந்தார். கட்டில் இல்லை. அலமாரி இல்லை. நிலையிலிருந்து நிலைவரை செங்கல். பூச்சு காயவில்லை.

"அக்கா." சுவருக்குள்ளிருந்து தங்கையின் குரல். "சால்வை எடுத்துட்டேன். இருட்டா இருக்கு."

அக்கா திரும்பினாள். நாற்காலியில் தங்கை. சால்வை இல்லை.

"நீ எப்ப வந்தே?"

விரல் உதட்டை விட்டு நகரவில்லை. விதிப்படிதான்.

"சுவர் இல்லைன்னு சொல்லிடும்மா," என்றார் குண்டூசி.

"எது உள்ள இருக்குன்னு தெரியாம முழுசா திறக்க மாட்டேன்." நாற்காலியில் இருந்தவளின் கையைப் பிடித்து எழுப்பி, சுவர்வரை கூட்டி வந்தாள். "சுவர்ல ஒரு ஓட்டை இருக்கு. ஒரு கை நுழையற அளவு."

ஒரு செங்கல் விழுந்தது.

கை வந்தது. மணிக்கட்டில் தழும்பு. பற்றிக்கொண்டாள்.

மறுகையில் பிடித்திருந்தவளின் மணிக்கட்டைப் பார்த்தாள். அதே தழும்பு. அதே சூடு.

"ரெண்டையும் விடப்போறதில்லை. உங்களால ஆனதைப் பாருங்க."

இரண்டும் இறுக்கின.

பிறகு, மெதுவாக, இரண்டும் இழுக்கத் தொடங்கின.

அக்கா காலை ஊன்றிக்கொண்டாள்.