பூந்தமல்லியில் காபூலி புலாவ்

பூந்தமல்லி பேருந்து நிலையத்துக்கு அருகில் அதீபாவின் அத்தா ஷவுகத் அலி ஒரு சிறிய உணவகம் நடத்தினார். வாசலில் பெரிய பலகை ஒன்று தொங்கியது. 'ஒரிஜினல் ஆப்கானி சிக்கன் இங்கே கிடைக்கும்' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, ஓரத்தில் பனி மூடிய மலை ஒன்றையும் வரைந்திருந்தார்கள்.

"மலை எதுக்கு அத்தா?" என்று அதீபா ஒருமுறை கேட்டாள்.

"ஆப்கானிஸ்தான்னா மலை இருக்கணும்ல," என்றார் அத்தா.

அந்தச் சிக்கனைச் செய்பவர் சமையல் மாஸ்டர் கோதண்டம். கோழியை முந்திரி விழுதிலும் பாலேட்டிலும் ஊறவைத்து, கரி அடுப்பில் வாட்டுவார். வாயில் வைத்தால் கரையும். ஆவடியிலிருந்துகூட அதைத் தேடி ஆட்கள் வருவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு அதீபா கடைசி மேசையில் உட்கார்ந்திருந்தாள். வாசலில் ஓர் இளைஞர் பலகையைப் பார்த்தபடி நின்றுவிட்டார். கைப்பேசியில் அதைப் படம் எடுத்து யாருக்கோ அனுப்பினார். பிறகு முகமெல்லாம் சிரிப்பாக உள்ளே வந்தார்.

"பாய், இங்க ஆப்கானி சாப்பாடு. உண்மையா?" தமிழ் தடுக்கித் தடுக்கி வந்தது.

"ஒரிஜினல் தம்பி. சந்தேகமே வேணாம்," என்றார் அத்தா.

"நான் ஆப்கானிஸ்தான். மஸார் ஊர். பெயர் மஸூத். வேலப்பன்சாவடி பக்கம் காலேஜ்."

அத்தாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த நாட்டுக்காரரே தன் கடையைத் தேடி வந்திருக்கிறாரே. "கோதண்டம், ஸ்பெஷலா ஒரு பிளேட் போடு," என்று உள்ளே குரல் கொடுத்தார்.

தட்டு வந்தது. மஸூத் ஆவலோடு ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டார். மென்றார். மெல்வது கொஞ்சம் கொஞ்சமாக மெதுவானது. தட்டை ஒருமுறை உற்றுப் பார்த்தார். சிரிப்பு எங்கோ போய்விட்டது.

"எப்படி இருக்கு தம்பி?" என்று அத்தா கேட்டதும் அது அவசரமாகத் திரும்பி வந்தது.

"நல்லா இருக்கு பாய். ரொம்ப நல்லா இருக்கு."

ஒரு துண்டுகூட மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். ஆனாலும் அதீபாவுக்கு மனசு கேட்கவில்லை. அவர் கை கழுவும்போது பக்கத்தில் போய் நின்றாள்.

"அண்ணா, உங்க ஊர்ல இது வேற மாதிரி இருக்குமா?"

மஸூத் அவளைப் பார்த்தார். பொய் சொல்ல அவருக்கு வரவில்லை. "எங்க ஊரில் இது இல்லை, தங்கச்சி."

"இல்லவே இல்லையா?"

"நான் இன்னிக்குத்தான் முதல் தடவை பார்க்கிறேன்."

அதீபா திரும்பிச் சுவர்ப் பக்கம் பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம், பலகையில், அந்தப் பனி மலை இருந்தது.

"சாப்பாடு நல்லா இருந்தது. அது உண்மை," என்றார் மஸூத். பிறகு மெதுவாகச் சொன்னார். அவருடைய தங்கை ஜோயா படிக்க வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. காரம் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ரொட்டி, வாழைப்பழம், தயிர், இவ்வளவுதான் சாப்பிடுகிறாள். டெல்லியில் மாமா இருக்கிறார், அங்கே ஆப்கான் கடைகள் நிறைய இருக்கின்றன, நான் படிப்பை விட்டுவிட்டு அங்கேயே போகிறேன் என்கிறாள்.

"இவ்வளவு பெரிய சென்னை. எங்கேயாவது கிடைக்கும்னு தேடினேன். ஒரு கடை இருக்குன்னு சொன்னாங்க. பஸ், அப்புறம் ட்ரெயின், அப்புறம் பஸ். போய்ப் பார்த்தால் இப்போ அது செல்போன் கடை." அவர் தன் கைப்பேசியை நீட்டிக் காட்டினார். வெளியே எடுத்த பலகைப் படத்துக்குக் கீழே வரிசையாகச் சிவப்பு இதயங்கள். "ஜோயா. அடுத்த ஞாயிறு இங்கே வரணுமாம். இனி அவகிட்ட இங்கேயும் இல்லைன்னு சொல்லணும்."

அந்த இதயங்களைப் பார்த்ததும் அதீபாவின் வாய் அவளைக் கேட்காமலே பேசிவிட்டது.

"கூட்டிட்டு வாங்க அண்ணா. ஞாயிற்றுக்கிழமை உங்க ஊர் சாப்பாடே இருக்கும். அவங்களுக்கு என்ன பிடிக்கும்?"

"காபூலி புலாவ்," என்றார் மஸூத், நம்பாத முகத்தோடு. கல்லாவில் இருந்த அதீபாவின் அம்மா ஜஹானாராவிடம் தன் எண்ணைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று மாலை அதீபா எல்லாவற்றையும் சொன்னாள். அத்தாவின் முகம் சுருங்கியது.

"நல்லா இருக்குன்னுதானே சொன்னாரு?"

"நல்லா இருந்துச்சு அத்தா. ஆனா அவங்க ஊர் சாப்பாடு இல்ல."

கோதண்டம் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "இன்னா பாப்பா, நான் போட்ட சிக்கன்ல இன்னா கொற கீது?"

"குறையே இல்ல மாமா. ஆனா நீங்க எங்கேயோ தூர தேசத்துக்குப் போறீங்க. நம்ம சாப்பாட்டுக்கு ஏங்கிட்டு இருக்கீங்க. ஒரு கடையில 'ஒரிஜினல் பூந்தமல்லி சாம்பார்'னு போர்டு. ஓடிப்போய் உட்கார்றீங்க. சாம்பார்ல அன்னாசிப்பழம் கிடக்குது. எப்படி இருக்கும்?"

கோதண்டம் முகத்தைச் சுளித்தார். "அன்னாசியா," என்று முனகிவிட்டு உள்ளே போனார்.

"போர்டு எழுதியாச்சே அதீபா. இப்ப அழிக்கச் சொல்றியா?" என்றார் அத்தா.

"அழிக்கிறதுக்குப் பதிலா, நிஜமாவே ஆப்கான் சாப்பாடு ஒண்ணு செஞ்சுட்டா என்ன? நான் அந்த அண்ணன்கிட்ட சொல்லிட்டேன்."

"யாரைக் கேட்டுச் சொன்னே?"

அதீபா கணக்குப் புத்தகத்துக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். ஜஹானாரா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சொல்லிட்டா. இனிமே செஞ்சுதான் ஆகணும்," என்றார்.

கோதண்டத்துக்கு அது பெரிய விஷயமாகவே தெரியவில்லை. "தெனம் அண்டா அண்டாவா பிரியாணி இறக்குறேன். புலாவ் இன்னா பெரிய புலாவ்," என்றார்.

செவ்வாய்க்கிழமை அதீபா பள்ளியிலிருந்து வந்ததும் ஒரு காணொளியைப் பார்த்துச் செய்தார்கள். அதில் பேசிய மொழி யாருக்கும் புரியவில்லை. கைகளை மட்டும் பார்த்துச் செய்தார்கள். மூடியைத் திறந்தபோது நல்ல வாசனை வந்தது. தெரிந்த வாசனை.

"மாமா, பச்சை மிளகாய் போட்டீங்களா?"

கோதண்டம் தன் வலது கையைக் குற்றவாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "அது தானா போட்டுக்கிச்சு பாப்பா."

வியாழக்கிழமை மிளகாய் டப்பாவை அம்மா ஒளித்து வைத்தார். இந்த முறை காரட்டைத் துருவி, சர்க்கரையில் வதக்கி மேலே தூவினார்கள். வழக்கமாகச் சாப்பிட வரும் ஆட்டோக்காரர் அழகேசனுக்கு முதல் தட்டு. அவர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"பாய், சோறும் கேரட் அல்வாவும் தனித்தனியா தருவீங்களே. இன்னிக்கு இன்னா ஒண்ணா கலந்துகினு வந்துட்டீங்க?"

அத்தா மேசையில் கையை ஊன்றி உட்கார்ந்துவிட்டார். "விட்டுடலாம் அதீபா. அந்தத் தம்பிக்குப் போன் பண்ணி வர வேணாம்னு சொல்லிடறேன். அந்தப் பொண்ணை வரவெச்சு ஏமாத்தறதைவிட அது நல்லது."

அதீபா நினைத்துப் பார்த்தாள். இதயங்கள் அனுப்பிய அந்த அக்கா மறுபடியும் வாழைப்பழத்தை உரித்துக்கொண்டு உட்காருவார். அப்புறம் டெல்லிக்கு ரயில் ஏறிவிடுவார்.

இரவு சாப்பிடும்போது அம்மா அவளிடம், "உப்பு சரியா இருக்கா பாரு," என்று குழம்பை ஊற்றினார். அதீபா கரண்டியையும் அம்மாவையும் பார்த்தாள்.

"அம்மா, அவங்களுக்கும் ஒரு அம்மா இருப்பாங்கள்ல?"

"யாருக்கு?"

"மஸூத் அண்ணனுக்கு. நாம யார் யாரோ செய்யறதைப் பார்த்துச் செஞ்சோம். ஜோயா அக்காவுக்குத் தினம் சமைச்சுப் போட்டவங்களைக் கேட்கவே இல்லையே."

மறுநாள் ஜஹானாரா மஸூத்துக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னார். சனிக்கிழமை காலை, சொன்ன நேரத்துக்கு அவர் வீடியோவில் அழைத்தார். ஜோயாவுக்குத் தெரியாமல் தன் அம்மாவையும் அதே அழைப்பில் இணைத்தார். தலையில் வெள்ளை முக்காடு போட்ட, உருண்டை முகம் கொண்ட ஓர் அம்மா திரையில் தெரிந்தார்.

"சலாம்," என்றார் அவர்.

"சலாம்," என்றார்கள் ஜஹானாராவும் அதீபாவும்.

மஸூத் கொஞ்ச நேரம் மொழிபெயர்த்தார். பிறகு, "எனக்கு லேப் இருக்கு. போகலைன்னா சார் உள்ளே விடமாட்டார்," என்று சொல்லிவிட்டுக் காணாமல் போனார். இந்தப் பக்கம் தமிழ் மட்டும். அந்தப் பக்கம் தரி என்னும் மொழி மட்டும்.

அதீபா ஒரு காரட்டைத் தூக்கிக் காட்டினாள். மஸூத்தின் அம்மாவும் சமையலறைக்குப் போய் ஒரு காரட்டை எடுத்து வந்து, தீக்குச்சிபோல நீளநீளமாக நறுக்கிக் காட்டினார். துருவக் கூடாது. அதுதான் முதல் தப்பு.

கோதண்டம் சர்க்கரையை அள்ளினார். "நே, நே," என்றது கைப்பேசி. அவர் பாதியைக் கொட்டினார். "நே." இன்னும் கொட்டினார். கடைசியில் விரல் நுனியில் ஒட்டிய அளவுதான் மிஞ்சியது. அந்த அம்மா தலையாட்டினார்.

"நம்ம ஹெட் மாஸ்டருகூட இவ்ளோ கண்டிப்பு இல்ல," என்றார் கோதண்டம்.

அடுத்து அந்த அம்மா வெங்காயத்தைக் கருஞ்சிவப்பாக வறுக்கச் சொன்னார். ஆட்டுக்கறி வெந்த சாற்றிலேயே அரிசியை வேகவைக்கச் சொன்னார். சீரகமும் ஏலக்காயும் போதும். எல்லாம் சைகையிலேயே நடந்தது. பிறகு எதையோ கேட்டார். "கிஷ்மிஷ்?"

கோதண்டத்தின் முகம் மலர்ந்தது. "கிஸ்மிஸ். கீதும்மா, கிஸ்மிஸ் கீது." உலர்ந்த திராட்சை டப்பாவைத் தூக்கிக் காட்டினார். "பாப்பா, அவங்களுக்குத் தமிழ் தெரியுது."

தம் போட்டு மூடியதும் வேலை முடிந்தது. ஆனால் இரண்டு அம்மாக்களும் அழைப்பைத் துண்டிக்கவில்லை. மஸூத்தின் அம்மா ஏதோ சொன்னார். குரல் கொஞ்சம் உடைந்தது. ஜஹானாராவுக்கு ஒரு சொல்கூடப் புரிந்திருக்காது. ஆனாலும், "நாங்க பார்த்துக்கறோம். நீங்க கவலைப்படாதீங்க," என்று தமிழில் பதில் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அதீபா கடைக்கு வந்தபோது, அத்தா ஏணியில் நின்று பலகையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். 'ஒரிஜினல்' என்ற சொல் போயிருந்தது. "மலை இருக்கட்டும்," என்றார் அத்தா. "அது அழகா இருக்கு."

மதியம் மஸூத் தங்கையோடு வந்தார். ஜோயா மெலிந்திருந்தாள். யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். கோதண்டமே தட்டைக் கொண்டுவந்து வைத்தார். பழுப்பு நிறச் சோறு, மேலே பளபளக்கும் காரட், உப்பிய திராட்சை, உள்ளே புதைந்த கறி.

கடையில் யாரும் அவளைப் பார்க்கவில்லை. அத்தா துடைத்த மேசையையே மறுபடி துடைத்தார். அழகேசன் காலி டம்ளரிலிருந்து தண்ணீர் குடித்தார். கோதண்டம் தூணுக்குப் பின்னால் நின்றார். அவர் வயிறு மட்டும் வெளியே தெரிந்தது.

ஜோயா ஒரு வாய் எடுத்தாள். நிறுத்தினாள். அண்ணனிடம் மெதுவாக ஏதோ சொன்னாள்.

"என்ன சொல்றாங்க?" என்று அதீபா கேட்டாள்.

மஸூத் தயங்கினார். "உப்பு குறைவாம்."

"அவங்கம்மா சொன்ன அளவுதான் போட்டேன்," என்றார் தூணுக்குப் பின்னாலிருந்து கோதண்டம்.

"அம்மாவா?" என்றாள் ஜோயா. மஸூத் அவளுடைய மொழியில் எல்லாவற்றையும் சொன்னார். கேட்கக் கேட்க அவள் கண்கள் நிறைந்தன. அப்படியே சிரிக்கவும் செய்தாள். மஸூத் அதீபாவின் பக்கம் திரும்பினார்.

"எங்க அம்மா கையில் எப்பவும் உப்பு குறைவுதான். வீட்டில் தினமும் அதுக்குத்தான் சண்டை போடுவா."

ஜோயா மறுபடி சாப்பிடத் தொடங்கினாள். தட்டு காலியானதும் அதைத் தூக்கிக்கொண்டு எழுந்து, நேராகக் கோதண்டத்திடம் போனாள். ஒரு மாதத்தில் கற்றிருந்த தமிழைத் தேடி எடுத்தாள்.

"இன்னும் கொஞ்சம், அண்ணா."

கோதண்டம் கொஞ்சமாகப் போடவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜோயா தனியாகவே பேருந்தில் வந்தாள். டெல்லிப் பேச்சையே எடுப்பதில்லை என்று மஸூத் போனில் சொல்லியிருந்தார். அவள் கையில் ஒரு கட்டு வெங்காயத்தாளும் ஒரு பை உருளைக்கிழங்கும் இருந்தன. வாடிக்கையாளர்கள் உட்காரும் பக்கம் அவள் திரும்பவே இல்லை. நேராகச் சமையலறைக்குள் போய்ச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டாள்.

"போலானி," என்றாள். மாவை மெல்லிசாகத் தேய்த்து, உள்ளே கிழங்கை வைத்து மடித்துக் கல்லில் போட்டாள். ஜஹானாரா பக்கத்தில் நின்று அடுத்ததைத் தேய்த்தார்.

முதல் போலானி அதீபாவுக்கு. ஆறட்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். அவள் கேட்கவில்லை. நாக்கு சுட்டுவிட்டது. ஊதி ஊதித் தின்று முடித்தாள். இரண்டாவது கல்லிலிருந்து இறங்கும்போது அவள் தட்டு ஏற்கெனவே நீட்டப்பட்டிருந்தது.