அணை முனைவரை

ரென்ஸ்கேயின் அப்பா வீபேவுக்கு ஒரு பழக்கம். கடையில் எதைத் தொட்டாலும் முதலில் விலைச்சீட்டைத்தான் திருப்பிப் பார்ப்பார். பொருள் சட்டையா குடையா என்பதையெல்லாம் அதற்கப்புறம்தான் கவனிப்பார்.

அந்தக் கடலோர ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். ஆனால் அன்றைக்கு அப்பா விலையைப் பார்க்கவே கூடாது. கனடாவிலிருந்து ஆல்கே அத்தை போனில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

"டேய் வீபே, இருக்கிறதுலயே நல்ல மின்சார சைக்கிளா வாங்கு. பணம் என்னோடது. விலையைப் பார்த்தேன்னு தெரிஞ்சுது, அடுத்த விமானத்துல வந்து காதைத் திருகுவேன். வாங்குறதுக்கு முன்னாடி ஒரு படம் அனுப்பு!"

அத்தை அப்பாவுக்கு அக்கா. சொன்னால் செய்துவிடுவாள்.

போன குளிர்காலத்தில் அப்பாவுக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. அதற்கு முன்னால், சனிக்கிழமை தவறாமல் அப்பாவும் ரென்ஸ்கேயும் சைக்கிளில் கடலணை மேல் போவார்கள். ஊருக்குள் கடல் வராமல் காக்கிற நீண்ட மண்மேடு அது. அதன் முனையில் கடலைப் பார்த்தபடி ஒரு பெஞ்சு. அதில் உட்கார்ந்து சர்க்கரை ரொட்டியை ஆளுக்குப் பாதியாகத் தின்பார்கள்.

போகும்போது எதிர்காற்று பிடித்துத் தள்ளும். ரென்ஸ்கேயின் கால்கள் ஓய்ந்துபோனால், பக்கத்தில் ஓட்டிவரும் அப்பா ஒரு கையை அவள் முதுகில் வைத்துத் தள்ளிக்கொண்டே வருவார். அங்கே எல்லா அப்பா அம்மாவும் அப்படித்தான் செய்வார்கள்.

இப்போதோ அப்பா பாதி வழியிலேயே இறங்கிவிடுகிறார். "கொஞ்சம் ஆடுங்களைப் பார்க்கலாமே" என்பார். அணையில் மேயும் ஆடுகளை அவர் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்! அவருக்கு மூச்சு வாங்குகிறது என்று ரென்ஸ்கேக்குத் தெரியும். போன வாரம், "இனிமே நீ மட்டும் போயிட்டு வா கண்ணு" என்று சொல்லிவிட்டார். அவள் போகவில்லை. வீட்டுக்கு வந்து அழுதாள்.

அதனால் அணையடியில் இருந்த டினெக்கேயின் சைக்கிள் கடைக்குள் நுழைந்ததும், ரென்ஸ்கே அப்பாவின் சட்டைப்பையிலிருந்து வாசிக்கும் கண்ணாடியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"ஏய், கண்ணாடியைக் குடு!"

"அத்தை வந்து காதைத் திருகட்டுமா?"

டினெக்கே சிரித்தாள். அப்பா அசரவில்லை. "இருக்கிறதுலயே விலை குறைஞ்சது எது?" என்று நேரே அவளிடமே கேட்டுவிட்டார்.

"அப்பா!"

கடை முற்றத்தில் விலை குறைந்ததில் ஏறி அப்பா மிதியில் கால் வைத்ததும் அது துள்ளிப் பாய்ந்தது. அவர் மிதிப்பதை நிறுத்திய பிறகும் அது நிற்க மனமில்லாமல் பூந்தொட்டியில் போய் முட்டியது. அப்பா இறங்கி, முளைத்து வந்த பூச்செடியிடம் மன்னிப்புக் கேட்டார்.

அடுத்து டினெக்கே ஒரு கறுப்புச் சைக்கிளை உருட்டிவந்தாள். கம்பி, சங்கிலி எதுவுமே வெளியே தெரியவில்லை. கைப்பிடி நடுவில் சிறு திரை ஒளிர்ந்தது. கடையில் அதைவிட உயர்ந்தது கிடையாது. ரென்ஸ்கே தொட்டுப் பார்க்கவே பயந்தாள். அவ்வளவு அழகு.

"இது ரொம்ப வேகம், தலைக்கவசம் போட்டே ஆகணும்" என்றாள் டினெக்கே.

"அணைமேல ஓட்டிப் பார்க்கலாமா? இங்க காத்தே இல்லையே" என்றாள் ரென்ஸ்கே.

இருவரும் அணைமேல் ஏறினார்கள். காற்று காதில் ஊளையிட்டது. அப்பா மிதித்தார். அவ்வளவுதான், அவர் போய்விட்டார்! ரென்ஸ்கே தன் சாதாரணச் சைக்கிளில் எழுந்து நின்று மிதித்தும் பயனில்லை. அப்பா எறும்பளவு ஆகி மறைந்தார். காற்றில் அவளும் ஆடுகளும்தான் மிச்சம்.

கொஞ்ச நேரத்தில் அப்பா முகமெல்லாம் சிவக்கத் திரும்பிவந்தார். "பறந்தேன் கண்ணு! காத்தாவது ஒண்ணாவது! பெஞ்சுவரைக்கும் போயிட்டேன்!" பிறகுதான் அவள் நின்ற இடத்தைக் கவனித்தார். "நீ இங்கயேவா இருக்க?"

"என்னைக் காத்து தள்ளுதேப்பா."

அப்பாவின் சிரிப்பு வாடியது. "பெஞ்சுல உட்காரக்கூட இல்லை" என்றார் மெதுவாக. "தனியா உட்கார்ந்து என்ன பண்றது?"

கடைக்குத் திரும்பும் வழியெல்லாம் ரென்ஸ்கே யோசித்தாள். டினெக்கே அடுத்த சைக்கிளைக் காட்டக் கை நீட்டியபோது கேட்டாள்.

"நீங்க வீட்டுக்கு எதுல போவீங்க?"

டினெக்கேயின் கை அப்படியே நின்றது. "இருபது வருஷமா கடை வெச்சிருக்கேன். இதை யாருமே கேட்டதில்லையே!"

பின்கட்டிலிருந்து அவள் கொண்டுவந்த சைக்கிள் சாம்பல் நிறம். சக்கரத்தில் சேறு, கூடையில் ஒரு வெங்காயம். "என் பையனோட தினமும் பள்ளிக்கூடம்வரை இதுலதான். நான் எவ்வளவு அழுத்தி மிதிக்கிறேனோ, அதுக்கு ஏத்த மாதிரி இதுவும் மிதிக்கும். நான் மெதுவாப் போனா, இதுவும் மெதுவாப் போகும்."

அப்பா வெங்காயத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு ஏறினார்.

மறுபடியும் அணை, அதே காற்று. அப்பா மிதித்தார். சைக்கிள் சத்தமில்லாமல் நகர்ந்தது. பத்து மிதி போனதும் அவர் சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"என்னப்பா?"

"யாரோ..." அப்பா இன்னொரு முறை திரும்பிப் பார்த்தார். பின்னால் புல்லும் வானமும்தான் இருந்தன. "யாரோ முதுகுல கை வெச்சுத் தள்ற மாதிரி இருக்கு."

அந்தக் கை எப்படி இருக்கும் என்று ரென்ஸ்கேக்குத் தெரியும். அப்பாவுக்குத்தான் வளர்ந்த பிறகு அது கிடைக்கவேயில்லை. அவரைத் தள்ள யார் இருந்தார்கள்?

அப்பா கண்கள் விரிய, காற்றைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே மிதித்தார். ஆடுகள் நிற்கும் இடம் வந்தது. அவர் இறங்கவில்லை. ரென்ஸ்கேயின் கால்கள் தளர ஆரம்பித்தபோது, அவள் முதுகில் அந்தப் பழைய, பெரிய, சூடான உள்ளங்கை வந்து பதிந்தது.

அணை முடிந்தது. கடல் பின்வாங்கியிருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஈரச்சேறு வெள்ளித்தட்டாய் மின்னியது. ஆயிரக்கணக்கான பறவைகள் ஒன்றாக எழுந்து, ஒன்றாகத் திரும்பி, ஒன்றாக இறங்கின. எத்தனையோ முறை பார்த்த காட்சிதான். ஆனாலும் இருவரும் முதல்முறை வந்தவர்கள் போல வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள்.

பிறகு பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்தார்கள். ரென்ஸ்கே போனை நீட்டி ஒரு படம் எடுத்து அத்தைக்கு அனுப்பினாள்.

அத்தையின் பதில் உடனே வந்தது. அப்பா கண்ணாடியைத் திரும்ப வாங்கி மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார்.

"படத்துல கடல் சேறு தெரியுது, பெஞ்சு தெரியுது, வாய் நிறைய ரொட்டியோட நீங்க ரெண்டு பேரும் தெரியுறீங்க. சைக்கிளே தெரியலை. அப்போ இருக்கிறதுலயே நல்லது அதுதான். அதையே வாங்கு!"